பழைய கம்ப்யூட்டருக்குக் கெடு வைக்கிறவர்கள்

அந்தமான் ஹட் பேயில் டிங்கிப் படகுக்கு நம்பர் ஒட்ட வேண்டுமென்றால் என் கடைக்குத்தான் வர வேண்டும். மூன்றாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஸ்டிக்கர் வெட்டும் மெஷினைக் கப்பலில் ஏற்றி வந்து, ஒருத்தனிடமும் கேட்காமல் நானே ஓட்டப் பழகினேன். நான் ஒட்டிய நம்பர் உப்புத் தண்ணியில் உரியாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கென்ன வெட்கம்?

அந்த மெஷின் என் பழைய கம்ப்யூட்டர் சொன்னால்தான் கேட்கும். போன வருஷம் மழைக்கு முன்னால் மெயின்லேண்டிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. எந்தப் பழைய சிஸ்டத்தை எப்போது கைகழுவுவது என்று கூடி உட்கார்ந்து முடிவெடுக்கிறவர்களில் ஒருவர். நான் ஜெட்டிக்குப் போயிருந்த நேரம், எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, கம்ப்யூட்டரில் புதுச் சிஸ்டத்தை ஏற்றிவிட்டார். மெஷின் ஊமையாகிவிட்டது.

மறுநாள் காலை படகுச் சோதனை. நம்பர் இல்லாத டிங்கியைக் கடலில் இறக்க விடமாட்டார்கள். நாலு மீன்காரர்கள் கடை வாசலில் நிற்கிறார்கள்.

"பழசுக்கு சப்போர்ட் முடிஞ்சிடுச்சு மாமா. இனிமே வைரஸ் வந்தா யாரும் காப்பாத்த மாட்டாங்க."

"எந்த வழியா வரும் மாப்பிள்ளை? இதுல நெட் கிடையாது. நீங்க சொருகினதைத் தவிர பென் டிரைவ் சொருகினதே இல்ல. நம்பரை நானே தட்டுறேன். வைரஸ் கப்பல்ல டிக்கெட் எடுத்துத்தான் வரணும்."

"அரே சாச்சா, டிக்கெட் நமக்கே கிடைக்கல!" என்றார் வாசலில் நின்ற பெங்காலி மீன்காரர்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "புது மெஷினே வாங்கித் தர்றேன் மாமா."

"நாளைக்குக் காலையில வந்துடுமா?"



இந்தத் தீவில் எதையும் ஒன்றே ஒன்று வாங்குகிறவன் முட்டாள். போர்ட் பிளேரில் ஓர் ஆபீஸ் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களை ஏலம் விட்டபோது, என்னுடையதைப் போலவே இன்னும் இரண்டை எடுத்திருந்தேன். அப்போதே மெஷினோடு கோத்து, வெட்டிப் பார்த்துத்தான் அலமாரியில் வைத்தேன். அதில் ஒன்றை இறக்கிச் சொருகியதும் கத்தி ஓட ஆரம்பித்தது. பொழுது சாய்வதற்குள் நாலு டிங்கிக்கும் நம்பர் ஏறிவிட்டது. ஒட்டுவதற்குப் படகுப் பலகையைத் துடைத்துக் கொடுத்தது மாப்பிள்ளைதான்.

"எப்பதான் இதை விடுவீங்க மாமா?"

"மூணாவதும் செத்தா வந்து கேளுங்க. அதுவரைக்கும் உங்க ஆபீஸ் கூட்டத்துல, ஹட் பேயில ஒருத்தன் ஒத்துக்கலன்னு எழுதி வைங்க."

எழுதினாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.