என் கட்டைக்கு வார்த்த ரப்பர்

கால் சரியில்லாத ஒருத்தி நடப்பதற்காகச் செய்த பொருளை, கால் நன்றாக இருக்கிற ஆண்பிள்ளைகள் கூடி நடந்து பார்த்து, ரொம்பப் பிரமாதம் என்று தீர்ப்புச் சொன்ன கதை இது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வயதாகிவிட்டது, அதையெல்லாம் இன்னும் பேச வேண்டுமா என்கிறார்கள் வீட்டில். பேசினால் என்ன?

சிறு வயதில் வந்த காய்ச்சலில் என் இடது கால் சூம்பிப் போனது. இடது கக்கத்தில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டுதான் பள்ளிக்குப் போனேன், படித்தேன், ஆசிரியப் பயிற்சியும் முடித்தேன். கட்டையின் அடியில் இரும்புப் பூண் போட்டிருக்கும். கடலூர்த் தெருக்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அறுபதுகளின் நடுவில், சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆரம்ப வகுப்புக்கு ஆசிரியை வேண்டும் என்று தெரிந்து, அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அப்பா இல்லாத வீடு. அண்ணன் சம்பளத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

பள்ளிக்கூடத்தின் செயலாளர் என்னை வாசலில் பார்த்ததும் முதலில் பார்த்தது தரையைத்தான். சிவப்புச் சாயம் கலந்து, முகம் தெரிகிற அளவுக்கு மெழுகிய சிமெண்டுத் தரை. என் பூண் அதில் டக் டக்கென்று விழுந்தது. அவர் என் சான்றிதழ்களைப் புரட்டினார். பிறகு அண்ணனிடம் பேசினார்.

"உங்க தங்கச்சி மார்க்கெல்லாம் நல்லாத்தான் வாங்கியிருக்காங்க. ஆனா தரை கெட்டுப் போயிடும் பாருங்க. சத்தம் வேற ஜாஸ்தி. விஜயதசமிக்குப் புதுப் பிள்ளைங்களைச் சேக்கறோம். அன்னிக்குச் சத்தமில்லாம, யாரும் கையைப் பிடிக்காம அவுங்களை நடந்து வரச் சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."

'அவுங்க' என்பது நான்தான். அவர் மேஜைக்கு எதிரில், கை எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் காதும் கேட்கும், வாயும் பேசும். கால் சூம்பினால் இந்த இரண்டும் சேர்ந்து போய்விடும் என்று நாட்டில் நிறையப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், டயருக்கு ஒட்டுப் போடும் கடையில் வேலை செய்தான். கடைக்காரர் பரங்கிப்பேட்டைக்காரர், பினாங்கில் பல வருஷம் டயர் கடையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். எங்களுக்கு அவர் பாய். சத்தம் கேட்காமல் இருக்க மெட்ராஸிலிருந்து வரவழைத்த ரப்பர் மூடி என் கட்டைக்குச் சேரவில்லை. அது மெலிசான தடிக்குச் செய்தது; என் கட்டையோ பூவரச மரத்தில் தச்சர் இழைத்துக் கொடுத்த தடிமன். அண்ணன் லாரி டயரில் ஒரு துண்டை வெட்டி ஆணி அடித்துக் கொடுத்தான். இரண்டு தெரு நடப்பதற்குள் ரப்பர் தேய்ந்து ஆணி எட்டிப் பார்த்தது. இரும்புப் பூணே தேவலை என்று ஆகிவிட்டது.

பாய்தான் சொன்னார். "வெட்டி அடிக்கிற வேலை இல்லப்பா இது. அச்சுக் கடைஞ்சு, பச்சை ரப்பரை உள்ளே வெச்சு வேக வைக்கணும். பாப்பா கட்டைக்குன்னே தனியா ஒண்ணு வார்த்துடலாம், இன்ஷா அல்லாஹ்."

பக்கத்து லேத்துப் பட்டறையில் இரும்பு அச்சு ஒன்று கடைந்தார்கள். வேகாத ரப்பர்த் தகட்டை வட்டம் வட்டமாக நறுக்கி, அச்சுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூடான அழுத்து எந்திரத்தில் இறுக்கி வைப்பார்கள். வெந்து வரும்போது அடுக்கெல்லாம் ஒட்டிப்போய் ஒரே கட்டியாக இருக்க வேண்டும். முதலில் வந்தது கட்டையில் ஏறவே மாட்டேன் என்றது. வெந்த ரப்பர் ஆறும்போது சுருங்கும் என்பதை அச்சுக் கடைந்தவர் கணக்கில் வைக்கவில்லை. குழியைக் கொஞ்சம் பெரிதாக்கி மறுபடி வார்த்தார்கள். அது கச்சிதமாகப் பொருந்தியது.

பொருந்தியதும் கடையில் ஒரு திருவிழாவே நடந்தது. என் கட்டையை வாங்கி அண்ணன் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடை முழுக்க ஒரு சுற்று வந்தான். அடுத்து டயர் கழற்றுகிறவர். பிறகு லேத்துக்காரர். ஒருத்தர் காலை மடக்கிக்கொண்டு நொண்டிக்கூடக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஜம்முனு இருக்குப்பா. சத்தமே இல்ல."

"பஞ்சு மாதிரி போவுது, மச்சான்!"

நான் கட்டையில்லாமல் ஒரு பழைய லாரி டயரின்மேல் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இரண்டு காலில் நடந்தார்கள், கட்டை சும்மா கூட வந்தது. என் உடம்புப் பாரம் முழுவதும் ஒவ்வொரு எட்டுக்கும் அந்த ரப்பரின்மேல் விழும். அது தாங்குமா என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"கட்டையைக் குடுங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

வாங்கித் திருப்பிப் பார்த்தால், ரப்பரின் அடியில் ஒரு தாமரைப்பூ. லேத்துக்காரர் அழகுக்காக அச்சில் செதுக்கியிருந்தார். அடியில் இருக்கிற பூவை யார் பார்க்கப் போகிறார்கள், தரையா? டயர்த் தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் மொண்டுவரச் சொல்லி அண்ணனைத் தரையில் ஊற்ற வைத்தேன். அதில் ஊன்றியதும் தாமரை வழுக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை.

"பூவெல்லாம் வேணாம். டயருக்குப் போடற மாதிரி வரி வரியாப் போடுங்க. நான் கட்டையை வெளிப்பக்கமா வீசித்தான் நடப்பேன். வெளி ஓரந்தான் முதல்ல தேயும். அந்தப் பக்கம் கனமா வெக்கணும்."

பாய் தாடியைத் தடவினார். பிறகு என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்து, "தங்கச்சி சொல்றது நியாயந்தான். ஆனா ஒரு பக்கம் கனமா இருந்தா பாக்கறதுக்குக் கோணலா இருக்குமேன்னு கேளுப்பா" என்றார்.

அவரிடம் எனக்கு மரியாதை உண்டு. கூச்சத்தினால் அப்படிப் பேசினார் என்பதும் தெரியும். ஆனாலும் நான் விடவில்லை. "கோணலாவே இருக்கட்டும் பாய். நானே கோணலாத்தானே நடக்கறேன்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கோணலாகவே வார்த்தார்கள்.

அதைப் போட்டுக்கொண்டு நான் போகாத இடமில்லை. மஞ்சக்குப்பம் மைதானத்துப் புழுதி, பஸ் நிலையத்துப் படிகள், மீன் மார்க்கெட்டின் ஈரம், எங்கள் வீட்டுக் கிணற்றடிப் பாசி. வழுக்கவில்லை, பிய்யவில்லை. மழை பெய்தால் வேண்டுமென்றே வெளியே போனேன். நாளாக நாளாக வெளி ஓரம் என் நடைக்குத் தகுந்தபடி தேய்ந்து பழகியது. கட்டையை எங்கே ஊன்றுகிறோம் என்று பார்க்காமல் நடக்கிற சுகத்தை அப்போதுதான் முதல்முறையாக அனுபவித்தேன்.

ஆயுத பூஜை வந்தது. கடை பாயுடையது என்றாலும் வேலை செய்கிறவர்கள் பூஜை போடுவார்கள். பொரி, கடலை, பழம் எல்லாம் பாய் செலவு. எந்திரத்தைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுவிட்டால் அன்று அதை யாரும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி. புதுக் காரியம் எதையும் அன்று தொடங்கினால் விளங்கும் என்று, விடியற்காலையிலேயே அண்ணன் கடைக்கு ஓடினான். எனக்கு விஷயம் தெரியாது. சிதம்பரம் பஸ் ஏற நான் தயாராகி நிற்கும்போது, புத்தம் புது ரப்பர் ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான். அப்போதுதான் வார்த்தது, சூடு கூட முழுக்க ஆறவில்லை.

"எதுக்குண்ணா? இருக்கறது நல்லாத்தானே இருக்குது?"

"நல்ல நாளும் அதுவுமா தேஞ்சதைப் போட்டுகினா வேலையில சேருவ? முதல் வேலையே உன்னுதுதான் இன்னிக்கு. எல்லாரும் கும்பிட்டுத்தான் வார்த்தோம்."

நான் சொல்லச் சொல்லப் பழசைப் பிடுங்கிவிட்டுப் புதிதை மாட்டினான். பழசை வீசப் போனவனை அதட்டி, பையில் போட வைத்தேன். நல்ல நாளில் எதற்கு அழுகை என்று அம்மா என்னை அடக்கினாள். என் கட்டையில் மாட்டுகிற பொருளைப் பற்றி நான் பேசினால் அதற்குப் பெயர் அழுகை.

பள்ளி வராந்தாவைக் கழுவி விட்டிருந்தார்கள். அரிசித் தட்டும் வெற்றிலை பாக்குமாகத் தாய்மார்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் வராந்தாக் கோடியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனைக் கீழேயே நிற்கச் சொல்லிவிட்டு நான் படியேறினேன். சத்தமில்லை. பாதி வராந்தா தாண்டியிருப்பேன். கட்டைக்கு அடியில் ஏதோ நழுவியது போல இருந்தது. அவ்வளவுதான், அத்தனை பேர் நடுவில் விழுந்தேன்.

முட்டி சிராய்த்துக்கொண்டதை விட, அந்த "ச்சு ச்சு" சத்தம்தான் தாங்கவில்லை. அண்ணன் ஓடிவந்தான். செயலாளரும் வந்தார். வந்தவர் அண்ணனிடம், "இதுக்குத்தாங்க சொன்னேன். கால் இப்படி இருக்கறவங்களைக் கொண்டாந்து விட்டா பள்ளிக்கூடத்துக்குத்தானே கெட்ட பேரு?" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கட்டையை இழுத்துப் பார்த்தேன். ரப்பர் இரண்டு அடுக்காகப் பிரிந்து, கீழ்ப்பாதி தனியே கிடந்தது. பிரிந்த இடம் முழுக்கச் சிவப்புப் பொடி. முகர்ந்தால் சந்தன வாசனை.

"அண்ணா, அச்சுக்குள்ளயா குங்குமம் வெச்சீங்க?"

அவன் முகம் செத்துப் போனது. "உனக்கு வேலை கெடைக்கணும்னுதான்... ரப்பர் மேலயும் ஒரு பொட்டு வெச்சு, ஆளுக்குக் கொஞ்சம் தூவி..."

ரப்பர் தகட்டில் விரல் அழுக்குப் பட்டாலே ஒட்டாது என்று தினமும் பாயிடம் திட்டு வாங்குகிறவன். டயருக்குச் செய்ய மாட்டான். தங்கைக்குச் செய்திருக்கிறான், பாசத்தில். அந்தப் பாசத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அழுகிறவனைத் திட்டவும் முடியவில்லை.

"கால் ஒண்ணும் பண்ணலைங்க சார்" என்று செயலாளரிடம் சொன்னேன். "ரப்பர் பிஞ்சி போச்சு. பாருங்க." அவர் பார்க்கவில்லை. பையிலிருந்து பழைய ரப்பரை எடுத்து, கட்டையைத் தலைகீழாக மடியில் நிறுத்தி, ஒட்டியிருந்த மேல்பாதியைப் பிடுங்கிவிட்டு, எச்சில் தொட்டு நானே அழுத்தி மாட்டினேன். யாரும் கை கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தூணைப் பிடித்து எழுந்தேன். அந்த ஈரத் தரையில் கோடி வரைக்கும் நடந்தேன், திரும்பி நடந்தேன், மறுபடியும் நடந்தேன். தரையில் ஒரு கீறல் கிடையாது. பிள்ளைகளின் சத்தம்தான் கேட்டது, என் சத்தம் கேட்கவில்லை.

அத்தனை தாய்மார்களுக்கு முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"சரிம்மா, சேந்துக்குங்க. ஆனா ஒண்ணு. நாற்காலியிலயே உக்காந்து பாடம் எடுங்க. பெத்தவங்க வந்து போற நேரத்துல எழுந்து நடமாட வேணாம். பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

தரை கெடும் என்றது பொய், சத்தம் என்றது பொய். இத்தனை மாதமாக அச்சுக் கடைந்து, வேக வைத்து, தேய்த்து, விழுந்து எழுந்து நாங்கள் ரப்பரைச் சரி செய்துகொண்டிருந்தோம். இவருக்கு நான் கண்ணில் படாமல் இருந்தால் போதும். அதற்கு எந்த அச்சில் எதை வார்ப்பது?

வேலை வேண்டும். "சரிங்க சார்" என்றேன். கீழே அண்ணன் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான். என் வகுப்பில் நாற்காலியைத் துடைத்துத் தயாராகப் போட்டிருந்தார்கள். அதை மூலைக்குத் தள்ளிவிட்டு, கரும்பலகைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே நடந்து நடந்து, மணி அடிக்கும் வரை பாடம் சொன்னேன். பெற்றவர்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று இன்னும் ஒரு முறை வாசல்வரை போய்த் திரும்பினேன்.