முதலில் என்ன செய்வீர்கள்?

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் புனேயில், ஹடப்சரில் குடியிருந்தோம். அங்கே ஓர் ஆலையில் நான் ஷிப்ட் இன்ஜினீயர். எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். மனைவி கோவில்பட்டிக்காரி, சரித்திரம் படித்தவள். எனக்கு முன்கோபம், அவளுக்கு வாய் நீளம். ஆகவே வீட்டில் பொழுது நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

என் பொறுப்பில் ஒரு பாய்லர் இருந்தது. ஒரு லாரி நீளத்துக்கு இரும்பு உருளை. உள்ளே தண்ணீர் கொதித்து, அந்த நீராவிதான் ஆலை முழுவதும் போகும். ஆலையை விரிவாக்கி இதைவிடப் பெரிய பாய்லர் ஒன்றைக் கொண்டுவரத் திட்டம் போட்டார்கள். அதை நடத்த, தேர்வெழுதி உரிமம் வாங்கிய இன்ஜினீயர் வேண்டும். "நீ பாஸ் பண்ணினா உனக்கு. இல்லேன்னா வெளியிலேர்ந்து ஆள் எடுப்போம்" என்று மேனேஜர் ஹிந்தியில் சொல்லிவிட்டார். வெளியாள் வந்துவிட்டால் அதே இடத்தில் இன்னொரு இன்ஜினீயருக்கு என்ன வேலை? மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

விழுந்து விழுந்து படித்தேன். எழுத்துத் தேர்வைத் தாண்டிவிட்டேன். அடுத்தது வாய்மொழித் தேர்வு, மும்பையில். அதிகாலை ரயிலில் போனேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் என் அனுபவச் சான்றிதழைப் புரட்டிவிட்டு, "ஷிப்டுக்குள் நுழைந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

நீராவி அட்டவணை முழுக்க எனக்கு மனப்பாடம். உலகத்தில் எத்தனை வகைப் பாய்லர் உண்டோ அத்தனையும் படம் போட்டுக் காட்டுவேன். ஆனால் இவ்வளவு எளிய கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வாயில் உண்மை வந்துவிட்டது. "லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவேன்" என்றேன்.

ஓரத்தில் இருந்தவர் சிரித்தே விட்டார். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. ஃபைலை மூடி, "கையெழுத்துப் போட பாய்லருக்கு இன்ஜினீயர் தேவையில்லை. அடுத்த தடவை வாருங்கள்" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குள் பொருமல். வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியிடம் கொட்டினேன். நான் மராத்திக்காரன் இல்லை, அதனால்தான் கவிழ்த்துவிட்டார்கள் என்றேன். கேள்வியா அது, பள்ளிக்கூடப் பையனிடம் கேட்கிற கேள்வி என்றேன். அவள் பாட்டுக்கு மாவு பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அவளே ஒரு ஏற்பாடு செய்தாள். நான் வேலையிலிருந்து வந்து காபி குடித்ததும் தினமும் எங்கள் சமையலறையில் வாய்மொழித் தேர்வு. அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வாள். நான் வாசலில் நின்று அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். சிரித்தால் வெளியே அனுப்பிவிடுவாள். என் நோட்டில் இருக்கும் கேள்விகளை எழுத்துக்கூட்டி வாசிப்பாள், பதிலையும் அதே நோட்டில் சரிபார்ப்பாள். காலண்டர் தாளின் பின்பக்கம் மதிப்பெண். பாய்லர் கறுப்பா சிவப்பா என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த மிடுக்கு இருக்கிறதே, மும்பையில் இருந்த மூன்று பேருக்கும் கிடையாது.

ஒருநாள் தண்ணீர்மட்டக் கண்ணாடியைப் பற்றிய கேள்வி. பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்ட வெளியே ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதற்கு மூன்று வால்வு. ஒன்று நீராவிக்கு, ஒன்று தண்ணீருக்கு, ஒன்று கீழே வெளியேற்ற. ஷிப்ட் மாறும்போது அவற்றை வரிசையாகத் திறந்து மூடி, வழி அடைக்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடைத்திருந்தால், உள்ளே தண்ணீர் வற்றிப்போனாலும் கண்ணாடி மட்டும் பாதிக்கு மேல் காட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

அவள் நோட்டை மடியில் வைத்துவிட்டு, "அந்த வால்வ திறக்கையில கை சுடுமா?" என்றாள்.

நோட்டில் இல்லாத கேள்வி.

"துணி சுத்திக்கிட்டுத் திறக்கணுமா, சும்மாவே திறக்கலாமா? தண்ணி வந்தா எப்படிச் சத்தம் கேக்கும்?"

"அதெல்லாம் அட்டெண்டன்ட் செய்வான்டி. நான் எதுக்குத் தொடணும்?"

"அஞ்சு வருஷமா நீங்க அதத் தொட்டதே இல்லையா?" என்று வாயில் கைவைத்துக்கொண்டாள். "ஏங்க, தினமும் செய்யிற ஆள் பக்கத்துலயே நிக்கிறாரு. நீங்க இங்க வந்து என்கிட்ட ஒப்பிக்கிறீங்க. வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையிற கதையால்ல இருக்கு!"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. சாப்பிடாமல் படுத்தேன். அவள் சமாதானம் செய்ய வரவில்லை. அவள் சொன்னது சரி என்று எனக்கும் தெரிந்திருந்ததால்தான் அத்தனை கோபம்.

என் ஷிப்டில் பாய்லரை இயக்கிய அட்டெண்டன்ட் சாதாராக்காரர். என் வயதுதான். நெற்றியில் எப்போதும் சந்தனம். ஐந்து வருடம் ஒன்றாக வேலை பார்த்தும் நான் அவரிடம் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியதில்லை. மறுநாள் அவரிடம் போய் நின்று, "எனக்கும் செய்து காட்டுங்கள்" என்று கேட்டேன். அவர் ஒருநிமிடம் பார்த்தார். பிறகு என் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே பாடம்தான். நான் ஏதாவது விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் நடுவிலேயே நிறுத்தி, "ஹாத் லாவா, சாஹேப்" என்பார். கையை வையுங்கள் சார். அவ்வளவுதான் அவர் பாஷை. மற்ற இன்ஜினீயர்கள், "என்னப்பா, டிமோஷனா?" என்று கிண்டல் செய்தார்கள். தினமும் ஷிப்ட் தொடங்கியதும் வால்வுகளைத் திறந்து மூடினேன். முதல் வாரமே மணிக்கட்டில் சுட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மனைவி பதறுவாள் என்று பார்த்தால், மருந்து போட்டுக்கொண்டே சிரிக்கிறாள். "இப்பத்தான் நீங்க பாஸாயிருவீங்கன்னு எனக்கு நம்பிக்கை வந்திருக்கு" என்றாள். அந்த நிமிடம் அவளை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.

ஆனி மாதம் பால்கி வந்தது. பண்டரிபுரத்துக்கு நடந்து போகிற யாத்திரை. ஹடப்சர் வழியாகத்தான் போகும். அன்றைக்கு பஸ் ஓடாது, சாலை முழுக்க ஜனம், ஜால்ரா, அபங்கப் பாட்டு. மூன்று மணி ஷிப்டுக்கு நானே நடந்துதான் போனேன். என் அட்டெண்டன்ட் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு இன்னும் வந்து சேரவில்லை. காலை ஷிப்ட் ஆளின் குடும்பம் சாலையோரத்தில் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் பையைத் தோளில் மாட்டியபடி தயாராக நின்றார். "பாணீ டீக் ஆஹே, சாஹேப்" என்றார், தண்ணீர் சரியாக இருக்கிறது என்று. கண்ணாடியைப் பார்த்தேன். பாதிக்கு மேலேயே நின்றது. "போங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றேன். ஓட்டமாகப் போய்விட்டார்.

லாக் புத்தகம் மேசைமேல் திறந்து கிடந்தது. பேனாவும் இருந்தது. ஆனால் இரண்டு மாதப் பழக்கத்தில் கால் நேராகக் கண்ணாடியிடம் போனது. துணியைச் சுற்றிக்கொண்டு குழாயைக் காலி செய்தேன். தண்ணீர் வால்வைத் திறந்தேன்.

ஒரு சொட்டு வரவில்லை.

மூடித் திறந்தேன். ஊஹூம். எங்கள் பாய்லருக்கு இரண்டு கண்ணாடி. இன்னொன்று கசிகிறது என்று நாலு நாளாக மூடி வைத்திருந்தார்கள். நாளைக்கு, நாளைக்கு என்று அந்தப் பழுது தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் குறைந்தால் அடிக்க வேண்டிய மணியும் அடிக்கவில்லை. என் கை தானாகத் தண்ணீர் பம்பின் பொத்தானுக்குப் போனது.

அப்போதுதான் என் அட்டெண்டன்ட் பாடத்தின் நடுவே ஒருநாள் சொன்னது காதில் ஒலித்தது. "ஆதீ ஆக், மக் பாணீ." முதலில் நெருப்பை அணை, பிறகுதான் தண்ணீர். பழுக்கக் காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடிக்கும். கையை இழுத்துக்கொண்டேன். பர்னரை அணைத்தேன். பக்கத்து ஷெட்டில் முப்பது பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஓடிப்போய் எல்லோரையும் வெளியே விரட்டினேன். எந்த பாஷையில் கத்தினேன் என்று தெரியாது, தமிழாகத்தான் இருக்கும்.

பாய்லர் ஆறிய பிறகு மெக்கானிக்குகள் திறந்து பார்த்தார்கள். கண்ணாடிக்குப் போகும் வழி அழுக்கில் அடைத்திருந்தது. மணியின் மிதவையும் சிக்கியிருந்தது. உள்ளே தண்ணீர் ஆபத்துக் கோட்டுக்கும் கீழே போயிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் எரிந்திருந்தால் அந்த ஷெட் இருந்திருக்காது என்றார்கள்.

நெற்றியில் சந்தனத்தின் மேல் யாத்ரீகர்கள் இட்டுவிட்ட கறுப்புப் பொட்டோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்த என் அட்டெண்டன்டிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டார். "மாவுலீ" என்றார். அம்மா என்று அர்த்தம். யாத்திரையில் நடக்கிறவர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைத்துக் காலைத் தொடுவார்கள். பதிலுக்கு மற்றவரும் தொட வேண்டும். நானும் குனிந்தேன். அதற்குப் பிறகு அவர் என்னை சாஹேப் என்று அழைத்ததே இல்லை.

மறுபடி மும்பை. அதே மேசை, நடுவில் அதே மனிதர். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். வேறெதுவும் கேட்காமல், "ஷிப்டுக்குள் நுழைந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?" என்றார்.

சொன்னேன். "தண்ணீர் வரவில்லை என்றால்?" என்றார். பால்கி நாளில் நடந்ததை அப்படியே சொன்னேன். பம்புக்குப் போன கையையும் மறைக்கவில்லை.

"கை நடுங்கியதா?" என்றார் நடுவில் இருந்தவர்.

"இப்போதும் நடுங்குகிறது சார்" என்றேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

வெளியே வந்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு மனைவியைக் கூப்பிடச் சொன்னேன். பாஸ் என்றதும் விசும்பல்தான் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்தச் சமையலறை அதிகாரி குரலில், "சரி, நீங்க போகலாம்" என்றாள்.

பெரிய பாய்லர் வந்தது, நான்தான் பொறுப்பேற்றேன். இப்போது ஓய்வு பெற்று மதுரைக்கே வந்துவிட்டோம். உரிமம் சட்டம் போட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அதைப் பார்க்கிறவர்கள், ஒருமுறை பெயிலாகிவிட்டேன் என்று சொன்னால் அடடா என்று உச்சுக்கொட்டுகிறார்கள். எனக்கோ அந்த முப்பது பேர் முகம்தான் நினைவுக்கு வரும். முதல் தடவையே பாஸாகியிருந்தால், பால்கி நாளன்றும் நான் லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பேன்.