தவளையோடு போகிறவர்

"பயப்படாத. இருட்டாத்தான் இருக்கும். ஆனா உனக்குத்தான் வெளிச்சமே ஆகாதே" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வௌவாலின் குழாயை மூடுகிறார். சுண்டுவிரல் அளவுக் கண்ணாடிக் குழாய். அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. அந்தப் பொடிக்குள் ஒரு வௌவாலை வௌவாலாக்கும் மரபணு முழுவதும் இருக்கிறது. அடுத்தது பன்றி. "உனக்கென்ன கவலை? அங்க உன்னை வெட்டித் திங்க ஆள் இல்ல." மூடி திருகப்படுகிறது. அதற்கடுத்தது கொசு. கொசுவிடம் மட்டும் அவர் பேசுவதில்லை. ஒரு தரம் முறைத்துவிட்டு, மற்ற மூடிகளைவிட இறுக்கமாகத் திருகுகிறார்.

இந்தக் குழாய்களெல்லாம் ஒரு பெட்டிக்குள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டு நிலாவுக்குப் போகப்போகின்றன. சூரியன் எட்டியே பார்க்காத ஒரு பள்ளம் அங்கே இருக்கிறதாம். பூமியில் நாம் செய்துகொண்டிருப்பதைத் தொடர்ந்து செய்து, ஒருநாள் எல்லாம் முடிந்துபோனாலும், அந்தக் குளிரில் ஒரு நகல் பத்திரமாக இருக்கும் என்று கணக்கு. யார் வந்து எடுப்பார்கள் என்று கேட்டால் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள்.

அவரை அங்கே 'மூடி சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். குழாய்களுக்கு மூடி போட்டு, சூடேற்றி ஒட்டுவது அவர் வேலை. அவர் வாய்க்கு அப்படி ஒரு மூடியை இன்னும் எவரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் சுத்தத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. கையுறை, தொப்பி, முகக்கவசம் இல்லாமல் மேசையருகே வர மாட்டார். பேச்சு முழுவதும் முகக்கவசத்துக்குள்ளிருந்துதான். "நான் சொல்றது அதுங்களுக்குக் கேக்குதோ இல்லையோ" என்பது அவருக்குள்ள ஒரே குறை.

வீட்டில் நடப்பது வேறு. மாலையில் காலில் கொசு உட்கார்ந்தால் அதனிடம் பேசுகிறார். "உங்க வம்சம் பெட்டியில பத்திரமா இருக்கு. நீ நிம்மதியாப் போ" என்று சொல்லி ஓங்கி ஓர் அடி. அவர் மனைவி தையல் கடை வைத்திருப்பவர். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு வேலை செய்கிறவர் என்பதால் அந்த வீட்டில் பேச்சு பெரும்பாலும் ஒருவர் பக்கம்தான். அந்த அம்மாள் தலையை மட்டும் ஆட்டுவார். அது ஒப்புதலா, தலையெழுத்தை நொந்துகொள்வதா என்று மூடி சார் இதுவரை விசாரித்ததில்லை.

எல்லா உயிரிடமும் ஏதாவது ஒரு நியாயம் காண்கிற மனிதருக்கு, மனிதர்களிடம் மட்டும் ஈவிரக்கம் கிடையாது. பெட்டிக்குள் எவையெவை போகலாம் என்று முடிவுசெய்ய ஒரு குழு இருக்கிறது. அதில் பணியாளர்கள் சார்பில் இவருக்கும் ஒரு நாற்காலி. மனித மரபணுவையும் வைக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது இவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"வீட்டுக்குத் தீ வச்சவனையே தீயணைப்பு வண்டியில முன் சீட்ல உக்கார வைப்பீங்களா? நாம அங்க போனா முதல் வேலையா காம்பவுண்டு சுவர்தான் கட்டுவோம். அப்புறம் உன் சுவர் என் பக்கம் வந்துடுச்சுன்னு சண்டை போடுவோம்."

குழுத் தலைவி, மரபணு ஆராய்ச்சியிலேயே தலை நரைத்த அம்மாள், மனிதனும் ஓர் உயிர்தானே என்று நிதானமாக வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. மனித மரபணு ஒரு துளிகூடப் பெட்டிக்குள் போகக் கூடாது என்று விதி பிறந்தது. அதன்பின் பல நாட்கள் மூடி சாரைக் கையில் பிடிக்க முடியவில்லை. பேருந்து நிறுத்தத்தில், சலூனில், பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொன்ன பிறகும்கூட, தன் வெற்றியைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிறகு தவளை செத்தது.

அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஒரு கண்ணாடித் தொட்டியில் இருந்த தவளை. அதன் இனத்தில் உலகத்திலேயே மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. சேற்று நிறம், எப்போதும் எதற்கோ கோபித்துக்கொண்ட முகம். படம் எடுக்க வருகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். மூடி சார் மட்டும் மதியச் சாப்பாட்டை அதன் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். மாடி வீட்டுக்காரர் நாற்காலியை இழுக்கிற சத்தம், தன் முழங்கால் வலி, சம்பளத்தில் பிடித்த வரி எல்லாம் அந்தத் தவளைக்கு அத்துப்படி. ஒரு விடுமுறையின்போது தொட்டியின் குளிரூட்டி நின்றுவிட்டது. ஆட்கள் திரும்பி வந்தபோது உடம்பு பெரும்பாலும் கெட்டுப்போயிருந்தது. பின்னங்காலில் கிடைத்த சதையிலிருந்து ஒரே ஒரு குழாய்க்குத்தான் பொடி தேறியது.

அந்தக் குழாயை மூட உட்கார்ந்தபோது அவருக்குக் குரல் எழும்பவில்லை. முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு, குழாயின் வாயருகே குனிந்து, "மன்னிச்சுக்கோம்மா. நான் லீவுக்குப் போயிருக்கக் கூடாது" என்றார். அழுதார் என்று பக்கத்து மேசைக்காரர்கள் சொல்கிறார்கள். அவர் ஒப்புக்கொள்வதில்லை. "அது தும்மல்" என்கிறார்.

தும்மலோ அழுகையோ, சோதனையில் அகப்பட்டுவிட்டது. மூடிய குழாய்களைச் சரிபார்க்கும் அதிகாரியான பெண் அவரைத் தனியாக அழைத்து, "சார், தவளைக்குள்ள நீங்க இருக்கீங்க" என்றார். குழாய்க்குள் தெறித்த அவர் எச்சிலைப் பிரித்தெடுக்கப் போனால் இருக்கிற கொஞ்சநஞ்சத் தவளையும் போய்விடும். விதிப்படி அந்தக் குழாயை அழித்தாக வேண்டும். அந்த விதியைக் கொண்டுவந்தவர் யார் என்று எவரும் நினைவூட்டத் தேவையில்லை. எல்லோரும் நினைவூட்டினார்கள்.

இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் குழுவின் முன்னால் போய் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"இந்த ஒரு குழாய்க்கு மட்டும் விலக்கு குடுங்கம்மா" என்றார் தலைவியிடம். "நான் தெரியாம ஒட்டிக்கிட்டேன். பாத்திரத்துல கரி ஒட்டினா பாத்திரத்தையே தூக்கிப் போடுவாங்களா?"

"விலக்கெல்லாம் குடுக்க முடியாது சார்" என்றார் தலைவி. போன கூட்டத்தை அவர் மறந்திருக்கவில்லை. "இன்னைக்குத் தவளைக்குக் குடுத்தா நாளைக்கு இன்னொருத்தர் வருவார். வேணும்னா விதியையே மாத்தலாம். மனுஷனும் பெட்டிக்குள்ள வரலாம்னு நீங்களே தீர்மானம் கொண்டுவாங்க. நான் ஆதரிக்கிறேன்."

மூடி சார் மேசையைப் பார்த்தார். தன்னுடைய தீயணைப்பு வண்டி, காம்பவுண்டு சுவர் எல்லாம் அந்த அறையில் இன்னும் தொங்கிக்கொண்டிருப்பதாக அவருக்குப் பட்டது. கீழ்த்தளத்தில் காலியாகக் கிடக்கும் தொட்டியும் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வார்த்தையாக மென்று விழுங்கிச் சொன்னார்.

"மனுஷனும்... வரலாம். ஓரமா."

"ஓரமான்னெல்லாம் தீர்மானத்துல போட முடியாது."

"சரி. வரலாம்."

ஒருமனதாக நிறைவேறியது. தவளை தப்பித்தது. குழாயின் மேல் அதன் பெயரும், அதற்குக் கீழே 'உடன்: மனிதன், ஆண்' என்றும் ஒட்டினார்கள்.

கதவைத் திறந்ததுதான் தாமதம். ஊரில் இருக்கிற மனிதர்களுக்கெல்லாம் திடீரென்று தாங்கள் அழியக்கூடாத உயிரினம் என்பது தெரிந்துவிட்டது. குழு உறுப்பினர்கள், அவர்களுடைய மைத்துனர்கள், மைத்துனர்களின் கூட்டாளிகள் என்று தினமும் வாசலில் வரிசை. ஒரு காகிதத் துண்டில் துப்பினால் போதும். சூடான காற்றில் காயவைத்து, சுருட்டிக் குழாய்க்குள் போட்டு, மூடி சார் மூட வேண்டும். பல் மருத்துவரும் வந்தார். கூட்டம் அதிகமாகி மனிதத் தட்டு ஒன்று இரண்டானது. இடம் போதாமல் வண்டுகளின் தட்டு ஒன்றை அடுத்த பயணத்துக்கு என்று எடுத்து வைத்துவிட்டார்கள். அடுத்த பயணம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தட்டைக் குளிர் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனவர் மூடி சார்தான். வண்டுகளிடம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

வீட்டில் விஷயம் வேறு மாதிரிப் போய்ச் சேர்ந்தது. மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தி, வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். அப்படி வைத்தால் பேசப்போகிறார் என்று அர்த்தம்.

"இத்தனை வருஷம் என்கூடக் குடும்பம் நடத்திட்டு, கடைசியில தவளையோட போறீங்களாமே?"

"நான் எங்க போறேன்? என் எச்சில்தான் போகுது."

"எச்சில்னாலும் உங்களோடதுதானே? எத்தனை காலத்துக்கு?"

"எத்தனை காலத்துக்குன்னு... அது ரொம்பக் காலம்."

"அங்க யார்கிட்டப் பேசுவீங்க?"

நீயும் வா என்று சொல்ல அவருக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இன்னும் ஒரு மனிதர் என்றால் இன்னும் ஒரு வண்டுக்கு இடமில்லை என்றும் தோன்றியது. சொல்லவில்லை. அந்த அம்மாள் குண்டூசிகளை மறுபடி வாயில் கவ்விக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தலையாட்டலும் நின்றுபோயிற்று.

பெட்டியை மூடுவதற்கு முந்தின நாள். மனிதர்கள் எச்சில் தருவதற்குக் கடைசி நாளும் அதுதான். வரிசை ஓயும் நேரத்தில், தலையை நிமிர்த்தாமலே "அடுத்தவங்க வாங்க" என்றார். நிமிர்ந்து பார்த்தால் மனைவி. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகும்போது மட்டும் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி, வேற்று ஆள் மாதிரி நின்றிருந்தார்.

"எங்க துப்பணும்?" என்று மட்டும் கேட்டார்.

அவர் காகிதத்தை நீட்டினார். அந்த அம்மாள் திரும்பி நின்று, வெட்கத்தோடு துப்பிக் கொடுத்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

காகிதம் காயும்வரை மூடி சார் அதன் பக்கத்திலேயே நின்றார். சுருட்டிப் போட்டு, மூடி, ஒட்டி, மனிதத் தட்டை இழுத்தார். வரிசையாக மைத்துனர்கள். பல் மருத்துவர். தட்டை மறுபடி உள்ளே தள்ளினார். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, தவளைகளின் தட்டைத் திறந்தார். அதில் ஒவ்வோர் இனத்துக்கும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டிரண்டு குழிகள். அந்தச் சேற்று நிறத் தவளைக்கு ஆண் துணை எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்பதால், அதற்குப் பக்கத்துக் குழி காலியாக இருந்தது. மனைவியின் குழாயை அந்தக் குழிக்குள் இறக்கி, ஆடாமல் நிற்கும்வரை கட்டைவிரலால் அழுத்தினார்.