உள்ளங்கையில் ஒரு பெயர்

என் மகளுக்குக் காது கேட்காது என்று மருத்துவர் சொன்னபோது அவளுக்கு இரண்டரை வயது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நான் ஆலயத்தில் பாடுவதை நிறுத்திவிட்டேன். பதினோரு வருஷம் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவன். போதகர் வீடு தேடி வந்து கேட்டார். தொண்டை சரியில்லை என்றேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை. பெற்ற பிள்ளைக்குக் கேட்காத பாட்டை எதற்காகப் பாடுவது என்று இருந்தது.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் எழுத்தர். குடியிருந்தது நெசவாளர் தெருவில். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் தறி ஓட ஆரம்பித்தால் மகள் ஓடிப்போய்ச் சுவரில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நிற்பாள். எதற்கு நிற்கிறாள் என்று நான் யோசித்ததே இல்லை.

காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் சேர்த்தோம். "வீட்ல கையால ஜாடை காட்டாதீங்க சார். வாயைப் பாத்துதான் பேசக் கத்துக்கணும்" என்று ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படியே நடந்துகொண்டோம். ஏழு வயதில் அவளால் நாலைந்து வார்த்தைகளைத்தான் சொல்ல முடிந்தது, அதுவும் குழறலாக. அவள் மனதில் என்ன இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது. பெரிதாக ஒன்றும் இருக்காது என்றே நான் நினைத்திருந்தேன். இதை இப்போது எழுதவே கூசுகிறது.

எங்கள் சபைக்கு ஒரு தையல்காரர் வருவார். அவருக்கும் காது கேட்காது, பேச்சும் வராது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது என் கையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணித்தார். 'இன்று மூன்று மணி. சபைக் கூடம். எங்கள் ஜெபம். பாப்பாவோடு வாங்க' என்று எழுதியிருந்தது. எனக்குப் போக மனமில்லை. என் மனைவி விடவில்லை.

"நீங்க வராட்டிப் போங்க. நான் புள்ளைய இட்டுக்கினு போறேன்" என்றாள். மூன்று பேருமாகவே போனோம்.

கூடத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் பக்கத்தில் ஓர் இளம்பெண் உட்கார்ந்தாள். அவளுடைய அப்பா, அம்மா இருவருமே காது கேளாதவர்கள். மற்றவர்கள் கைகளால் சொல்வதை அவள் எங்களுக்கு வாயால் சொன்னாள். தையல்காரர் எழுந்து ஜெபிக்கத் தொடங்கினார். நடுவிரலால் ஓர் உள்ளங்கையின் நடுவைத் தொட்டார். பிறகு மற்றதை.

"இது என்னாமா?" என்று கேட்டேன்.

"இயேசுங்கண்ணா. ஆணி அடிச்ச எடம்."

எத்தனை ஆயிரம் தடவை பாடிய பெயர். பாடும்போதெல்லாம் சுருதியைத்தான் கவனித்திருக்கிறேன். அந்தப் பெயரில் காயம் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்து யார் நன்றி சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டார்கள் போலிருக்கிறது. என் மகள் எழுந்து முன்னால் போனாள். நான் பதறி எழுந்தேன்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"உக்காருங்கண்ணா. அவ பேசறா."

பள்ளியில் இடைவேளையில், ஆசிரியைக்குத் தெரியாமல், பெரிய பிள்ளைகளிடம் கைப்பேச்சைக் கற்றிருக்கிறாள். எவ்வளவு வேகம் அந்தக் கைகளில். இளம்பெண் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "கோயில் யானை எம்மேல மூச்சு விட்டுது. சூடா இருந்துது. தேங்க்ஸ். பக்கத்து வூட்டுத் தறி என் கையில தட்டுது. தெனமும் தட்டுது. தேங்க்ஸ். அம்மா மடியில நல்ல வாசனை. தேங்க்ஸ்." அப்புறம் அந்த இளம்பெண் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். "அப்பா சிரிக்கவே மாட்டாரு. அவரைச் சிரிக்க வையி."

மகள் இரண்டு உள்ளங்கைகளையும் தொட்டுக் காட்டிவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து வாசலுக்குப் போய் வேப்பமரத்தடியில் நின்றேன். அழுகை வரவில்லை. பயமாக இருந்தது, நெருப்பின் பக்கத்தில் நிற்பதுபோல. என் வீட்டில், என் கண் முன்னால், என் பிள்ளையோடு ஆண்டவர் இத்தனை நாள் இருந்திருக்கிறார். நான் அவர்மேல் கோபித்துக்கொண்டு தினமும் அவரைக் கடந்துதான் அலுவலகத்துக்குப் போய் வந்திருக்கிறேன்.

அந்த வாரமே மகளிடம் பாடம் கேட்க ஆரம்பித்தேன். என் விரல்கள் மரக்கட்டை. அவ்வருஷக் கிறிஸ்துமஸுக்குப் பாடகர் குழுவோடு நிற்காமல் கைகளால் பாடுகிறவர்களோடு நின்றேன். மேய்ப்பர்கள் குழந்தையை வணங்கினார்கள் என்பதற்குப் பதிலாக, ஆடுகள் குழந்தையைத் தின்றன என்று காட்டிவிட்டேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூடம் முழுக்கச் சிரித்தது. நானும்தான், கண்ணில் நீர் வருமளவுக்கு.

அவள் பத்தாம் வகுப்புப் படித்தபோது ஒருநாள் காலையில் கேட்டேன். கையால் பேசத் தெரியாத அந்தச் சின்ன வயதில், ஆண்டவரின் பெயர்கூடத் தெரியாத காலத்தில், எப்படி இருந்தது உனக்கு? அவள் புத்தகத்தை மூடி வைத்தாள்.

வார்த்தை எதுவும் இல்லை, என்று கைகளால் சொன்னாள். ஆனால் தனியாக இருந்ததாக ஞாபகம் இல்லை.

நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். பரீட்சைக்குப் படிக்க வேண்டும், ஜன்னல் வெளிச்சத்தை மறைக்காமல் தள்ளி நில்லுங்கள் என்று அவள் சைகை செய்தாள்.