மஞ்சள் கரைத்த தொட்டி

"…அதனால சோப்பப் போட்டு நல்லாத் தேய்ச்சுப் பாரு கண்ணு. செவந்துச்சுன்னா நான் வரலை. அவகிட்ட போன்ல நானே சொல்லிப்போடறேன்."

ஆண்ட்டி இதைச் சொன்னது டெக்சாஸில், ஆலன் என்ற ஊரில், அவர்கள் வீட்டு டிரைவ்வேயில், ஒரு பழைய மோட்டார் ஹோமின் படிக்கு வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. நான் மேல் படியில் நின்றிருந்தேன். என் கையில் நனைந்த வெள்ளைத் துண்டு. கீழே அங்கிள், துணி சோப்புக் கட்டி ஒன்றைக் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

'அவ' என்றது மகளை. நாட்டின் மறுகோடியில், நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்தாள். குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையை வெளியே எங்கும் கொண்டுபோகக் கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே ஆண்ட்டியின் டாக்டர் வேறொன்று சொல்லியிருந்தார். குடலில் வந்த நோய், வெட்டி எடுத்த பிறகும் திரும்பி வந்திருந்தது. போக வேண்டிய இடம் ஏதாவது இருந்தால் வெயில் காலத்துக்குக் காத்திருக்காதீர்கள் என்றாராம்.

விமானத்தில் போகலாமே என்று எல்லோரும்தான் கேட்டோம். ஆண்ட்டிக்கு நின்ற இடத்தில் நிற்க முடியாமல் பாத்ரூம் வந்துவிடும். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு ஒருமுறை விமானத்தில் போனார். அதைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது ஒரே வரி: "அந்த ஏர் ஹோஸ்டஸ் பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு கண்ணு." அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

அதனால்தான் அங்கிள் அந்த வண்டியை வாங்கினார். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. ஈரோட்டுப் பக்கத்து மனிதர், நிதானமாகப் பேசுவார், விளையாட்டாக எதுவும் வாங்கமாட்டார். "அவளுக்கு வேணுங்கறப்போ வேணுங்கறது கூடவே வரோணும். அவ்வளவுதான் நம்ம கணக்கு" என்றார். வண்டி வந்த அன்றைக்கே ஆண்ட்டி அதற்குக் கக்கூஸ் வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்.

நான் எப்படி இதில் வந்தேன் என்றால், நான் எச்-4 விசாவில் வந்தவள். கணவரோடு வரலாம், வேலைக்குப் போகக்கூடாது. பகல் முழுக்க அபார்ட்மென்டில் சும்மா இருக்க முடியாமல் லைப்ரரிப் புத்தகங்களையும் ஹார்ட்வேர் கடைக்காரர்களின் வாயையும் வைத்துக் குழாய் வேலை கற்றுக்கொண்டேன். எந்தத் தமிழ் வீட்டில் சிங்க் அடைத்தாலும் எனக்குப் போன் வரும். காபி கிடைக்கும், பேச்சுக் கிடைக்கும். பேச்சுக்காகவே போவேன். ஆண்ட்டியின் பேச்சு என்றால் கூப்பிடாமலே போவேன்.

கக்கூஸிலிருந்து போவதெல்லாம் வண்டிக்கு அடியில் ஒரு தொட்டியில் சேரும். அதைக் காலி செய்த பிறகு உள்ளே கழுவிவிட ஒரு வழி வைத்திருந்தார்கள். வண்டியின் வெளிப்பக்கம் ஒரு வாய் இருக்கும். அதில் தோட்டத்து ஹோஸை மாட்டித் திறந்தால், தண்ணீர் சுவருக்குள்ளேயே ஏறி இறங்கித் தொட்டிக்குள் பீய்ச்சி அடிக்கும். அங்கிள் அதைத் திறந்த முதல் நாளே உள்ளே அடுப்புப் பக்கத் தரையில் தண்ணீர் ஓடியது.

ஆண்ட்டி எட்டிப் பார்த்தார். கக்கூஸுக்கும் அடுப்புக்கும் நடுவில் இருந்தது ஒரு மெல்லிய பலகைச் சுவர். "ஏனுங்க, அப்பளத்த நிறுத்தி வெச்ச மாதிரி இருக்குது. இந்தப் பக்கம் சோறாக்கோணும், அந்தப் பக்கம் அது. இப்ப அது இங்கயே வந்துருச்சு" என்றார். அன்றிலிருந்து வண்டிக்குள் ஏறினால் செருப்போடுதான் ஏறினார். தெருவில் நடப்பது போல.

முதலில் கக்கூஸ் பீடத்துக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையம்தான் காரணம் என்று நினைத்தேன். பீடத்தைக் கழற்றி வளையத்தை மாற்றினேன். மறுபடி தரை நனைந்தது. பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். காலால் பெடலை மிதித்துத் தண்ணீர் விட்டால் ஒரு சொட்டு ஒழுகவில்லை. வெளியே ஹோஸைத் திறந்தால்தான் ஒழுகியது. அப்படியென்றால் தொட்டிக்குப் போகிற வழியில் ஒழுகுகிறது, தொட்டியிலிருந்து இல்லை. எனக்கு ஓரளவு நிச்சயம்தான். ஓரளவு.

"எனக்கும் வண்டிக்கும் ஒரே சீக்கு. எங்க ஒழுகுதுன்னு பாக்க வந்தவங்களுக்கே தெரியல" என்றார் ஆண்ட்டி. அங்கிள் சிரிக்கவில்லை. அந்த ஹோஸை மாட்டாமலே போய்விடலாமே என்றார்.

"கழுவாம எப்படீங்க போறது?"

அங்கிள் ஹோஸைச் சுருட்ட ஆரம்பித்தார். ஆண்ட்டி விடவில்லை.

"ஒழுகறத இவ சரி பண்ணிருவா. நான் கேக்கறது அது இல்ல. இத்தன நாளா அந்த அடுப்புக்கு அடியில ஊறிக் கெடக்கறது எந்தத் தண்ணி? நல்ல தண்ணியா, அந்தத் தண்ணியா? அதுல சோறாக்கித் தின்னுட்டுப் போய் அந்தப் பச்சக் கொழந்தையத் தொடோணுமா?"

ஊரில் நல்ல தண்ணி என்றால் குடிக்கிற தண்ணீர். மற்றது உப்புத் தண்ணீர். இரண்டுக்கும் தனிக் குழாய், தனிக் குடம். டெக்சாஸில் எல்லாம் ஒரே குழாயில் வருகிறது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அவருக்கு அந்த நேரத்தில் உடம்பில் நம்புவதற்கு எதுவும் மிச்சமில்லை. தண்ணீரையாவது நம்ப வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

வழி சொன்னதும் அவர்தான். ஒரு பாக்கெட் மஞ்சள்தூளைக் கக்கூஸில் கொட்டித் தொட்டிக்குள் விடச் சொன்னார். ஒழுகுவது தொட்டித் தண்ணீர் என்றால் மஞ்சளாக வரும். வெளி வால்வை மூடி ஊற வைத்தோம். "வண்டிக்கு மஞ்ச நீராட்டு" என்றார் அங்கிள், அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டே. "சமைஞ்ச வண்டி இது, முன்னாடியே ரெண்டு பேரு வெச்சிருந்தது" என்று ஆண்ட்டி திருப்பிக் கொடுத்தார். பிறகு ஹோஸைக் கொஞ்ச நேரம் திறந்தோம். தரையில் தண்ணீர் வந்தது. வெள்ளைத் துண்டில் ஒற்றி எடுத்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. ஆண்ட்டிக்குப் போதவில்லை. கண்ணுக்குத் தெரியாத மஞ்சளும் இருக்கும், சுண்ணாம்பு பட்டால் சிவந்து காட்டிக் கொடுத்துவிடும், ஆரத்தி கரைத்த எல்லோருக்கும் இது தெரியும், சுண்ணாம்பு இல்லாவிட்டால் சோப்பு என்றார்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என்னால் அதில் போய் முடிக்க முடியாது.

சுவர்ப் பலகையைக் கழற்றியபோது உள்ளே உயரத்தில் பிளாஸ்டிக் வால்வு ஒன்று இருந்தது. தொட்டித் தண்ணீர் ஹோஸுக்குத் திரும்பி வராமல் தடுப்பதற்கு. முந்தைய குளிரில் அதற்குள் நின்ற தண்ணீர் உறைந்து, மயிரிழை மாதிரி விரிசல். புதிது வாங்கி மாட்டினேன். அவர்கள் கிளம்பினார்கள். ஆர்கன்சாவைத் தாண்டி டென்னஸியில் ஆண்ட்டிக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகள் மட்டும் விமானத்தில் வந்து சேர்ந்தாள். குழந்தை வரவில்லை.

அங்கிள் வண்டியைத் தனியாகத்தான் ஓட்டிக்கொண்டு திரும்பினார். சுத்தம் செய்ய நான் போனேன். அலமாரியில் பேத்திக்குச் சுற்றவென்று எடுத்துப்போன ஆரத்தித் தட்டு, துணியில் சுற்றியது சுற்றியபடி. முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. குனிந்து அடுப்புப் பக்கத் தரையைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது.

நான் துண்டோடு படியில் நின்ற அந்தச் சனிக்கிழமை மத்தியானம் இதெல்லாம் எங்கள் யாருக்கும் தெரியாது. அங்கிள் சோப்பை நீட்டினார். படியிலேயே உட்கார்ந்து துண்டை முழங்காலில் விரித்தேன். பக்கத்து வீட்டில் யாரோ புல்வெட்டும் மெஷினை நிறுத்தினார்கள். நான் தேய்த்தேன். நுரை வந்தது. ஆண்ட்டி நாற்காலியோடு முன்னால் சாய்ந்தார்.

"நல்லாத் தேயி. எனக்காகத் தேய்க்காத."

இன்னும் தேய்த்தேன். துண்டின் மறுபுறத்தையும் தேய்த்தேன். நுரை வெள்ளையாகவே இருந்தது. துண்டை விரித்து அவரிடம் நீட்டினேன். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தார். மடித்து அங்கிளிடம் கொடுத்தார்.

"நல்ல தண்ணிதானுங்க" என்றார் அவரிடம், அவர்தான் இவ்வளவு நேரம் சந்தேகப்பட்டது போல.

பிறகு என் தோளைப் பிடித்து எழுந்து நின்றார். மெதுவாக ஒவ்வொரு காலாக, செருப்பை டிரைவ்வேயில் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு வண்டிக்குள் ஏறினார்.