ரத்தத்தில் கூடிய நம்பர்

டீச்சர் பிள்ளையும் என் பிள்ளையும் ஒரே வாரத்தில், மாதம் நிறையாமல் பிறந்தவர்கள். எழுபதுகளில் தூத்துக்குடியில் அப்படிப் பிறந்தது தங்குவதே பெரிய காரியம். ஆஸ்பத்திரியில் இரண்டையும் பஞ்சில் சுற்றி, பல்பு எரியும் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருந்தார்கள். நானும் டீச்சரும் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தோம். வேறெங்காவது என்னைப் போட்டிருந்தால் இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

அவள் நாசரேத்துக்காரி. புருஷனுக்குச் சாகுபுரம் கெமிக்கல் பாக்டரியில் வேலை. தினமும் சாயங்காலம் பிளாஸ்க்கும் கையுமாக வந்து நிற்பார். என் வீட்டுக்காரரைத் துறைமுகத்தில் கப்பல் வந்தால் பார்க்க முடியாது. வராத நாளிலும் பார்க்க முடியாது, அது வேறு கதை. தராசில் வைத்தால் அவள் பிள்ளை நாளுக்கு நாள் ஏறும். என் பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்கும். எனக்கு வாய்த்தது ஒன்றுதான்: பால். அவளுக்குச் சுரக்கவில்லை, டின் பவுடரைக் கரைத்துக் கொடுத்தாள். நான் கிண்ணம் நிறையப் பீய்ச்சி, அவள் கண்ணில் படும்படி நர்ஸிடம் நீட்டுவேன்.

ஒருநாள் டாக்டரம்மா இரண்டு பிள்ளைகளுக்கும் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கச் சொன்னார். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு எலும்பில் சுண்ணாம்பு ஏறாமல் போகலாம், தூக்கினாலே கை முறியலாம், அது ரத்தத்தில் முன்கூட்டியே தெரியும் என்றார். ரத்தம் பாளையங்கோட்டைக்குப் போய் ரிசல்ட் வந்தது. நர்ஸ் பாஸ்படேஸ் என்று என்னமோ வாசித்தாள். அவள் பிள்ளையைவிட என் பிள்ளைக்கு நம்பர் எவ்வளவோ கூட.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மார்க் கூட வாங்குகிறவன்தானே கெட்டிக்காரன்? "ஏளா, டாக்டரம்மா வரட்டும், கேட்டுக்கிடுவோம்" என்றாள் என் அம்மா. கேட்பேனா நான்? அம்மாவைக் கடைக்கு விரட்டி, மக்ரூன் வாங்கிவரச் செய்து வார்டு முழுக்கக் கொடுத்தேன். டீச்சருக்கு மட்டும் இரண்டு.

"எம் பிள்ளைக்கு எலும்பு நல்ல கெட்டி. சாப்பிடுங்க டீச்சர்."

"ஸ்தோத்திரம். எம் பிள்ளைக்குத்தான் கொறஞ்சு போச்சு" என்று அவள் கண்ணைத் துடைத்தாள். எனக்கு மக்ரூனைவிட அது இனித்தது.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வந்தார். "இத நல்லதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? சத்து கிடைக்கலன்னா எலும்பு கெடந்து பாடுபடும். அந்தப் பாடுதான் ரத்தத்துல கூடிக் காட்டுது. கூடுனா கெடுதல்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஒங்க பால் நல்ல பால்தான். ஆனா இம்புட்டூண்டு பிள்ளைக்கு அதுல பாஸ்பரஸ் பத்தாது. டின் பால்ல அது கொஞ்சம் கூட" என்றார்.

மிச்ச மக்ரூனைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன். எதை நீட்டி நீட்டிக் காட்டினேனோ அதிலேயே தோற்றிருந்தேன். அதைவிட, பிள்ளையைத் தொடவே பயம் வந்துவிட்டது. துணி மாற்றக் காலைத் தூக்கும்போது எங்கே 'டக்' என்று கேட்டுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பாலில் மருந்து கலந்து கொடுத்தார்கள். நம்பர் இறங்கவேண்டும் என்று சிவன் கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் நேர்ந்துகொண்டேன். அது மெல்லத்தான் இறங்கியது. அதற்குள் டீச்சர் பிள்ளையோடு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது மிச்சமிருந்த பால் டின்னை என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். அதற்கும் எனக்கு எரிந்தது.

மறு வருஷம் ஆத்தூர் பஸ் ஸ்டாப்பில் என் பிள்ளை, பஸ்ஸில் ஏற்ற வைத்திருந்த வெற்றிலைக் கட்டுகளுக்கு நடுவே நடை பழகிக்கொண்டிருந்தான். பஸ்ஸிலிருந்து டீச்சர் இறங்கினாள், இடுப்பில் அவள் பிள்ளை. அவள் பார்ப்பதற்குள் என் பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"பிள்ள நடக்கானா?" என்றாள். "இவன் இன்னும் காலையே ஊண மாட்டுக்கான்."

"இல்ல டீச்சர், இவனும் நடக்கல."

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். அந்தக் கண் எப்படி எரியும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? கீழே விடச் சொல்லி அவன் என் விலாவில் உதைத்துக்கொண்டே இருந்தான். நல்ல உதை. வலித்தது.