நிறுத்தினவள் பாட வேண்டும்

“பாடு! பாடு! பாடு!”

பின்பக்கம் நின்று மடிக்கிற பெண்கள் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். துணியை உள்ளே இழுத்துச் சூட்டில் தேய்க்கிற இஸ்திரி ரோலர் முழுசாக நிற்கக்கூட இல்லை. முன்பக்கம் ஈரத்துணி கொடுத்துக்கொண்டிருந்த வாயாடி, தடுப்புக் கம்பியின் மேல் வைத்த கையை எடுக்காமல் நாக்கைக் கடித்துக்கொண்டாள். போர்வையின் மூலை ஒன்று முறுக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தது, அதுதான் கம்பியைத் தட்டிவிட்டாள். கம்பியைத் தட்டினால் ரோலர் நிற்கும். நிறுத்தினவள் பாட வேண்டும். அந்த அறையின் சட்டம் அது.

வாயாடிக்கு அது தண்டனையே இல்லை. இடுப்பில் கை வைத்து, கழுத்தை ஒடித்து, இரண்டு வரி பாடினாள். விட்டால் மிச்சத்தையும் பாடியிருப்பாள். அதற்குள் மேஸ்திரி மூலையைப் பிரித்து இழுத்துவிட்டு ரோலரை மறுபடி ஓடவிட்டாள்.

சுவரோரம் நின்றிருந்த புதுப் பெண்ணும் சிரித்துக்கொண்டே கைதட்டினாள். “நல்லா இருக்கேக்கா. யார் ஆரம்பிச்சது இதை?”

“நான்தான்” என்றாள் மேஸ்திரி. குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

புதுப் பெண்ணைக் காலையில் மேனேஜர் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மெஷின் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தவள் இல்லை. மெஷினோடு இருக்கிறவர்கள் ஆபத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், பயந்தால் சொல்கிறார்களா, சொன்னால் யாராவது கேட்கிறார்களா, இதையெல்லாம் அளந்துகொண்டு போக வந்தவள். மேனேஜர் சொல்லி முடிப்பதற்குள், “மனசை அளக்கவா? டேப்பு கொண்டாந்திருக்கீங்களாக்கா?” என்று வாயாடி கேட்டாள். சாயங்காலம்வரை அவளுக்கு அங்கே டேப்பு என்றுதான் பெயர்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வருகிற போர்வை, தலையணை உறை, மேஜைத்துணி எல்லாம் அந்த லாண்டரியில் வெளுத்துப் பிழிந்து இந்த அறைக்கு வரும். மூட்டைகளை ஏற்றி வருகிற வேன் மேஸ்திரியின் கணவன் ஓட்டுவது. அவன் சொல்லித்தான் அவள் உள்ளே வந்தாள். அப்போது அந்த அறைக்கு மேஸ்திரியாக இருந்தவன் ஓர் ஆண். ரோலர் நின்றால் அவன் வாய் ஓடும். நிறுத்தினவளின் அப்பன் பாட்டனிலிருந்து தொடங்கி வயிற்றில் இருக்கிற பிள்ளைவரை வருவான். ஈர மூட்டைக்குப் பின்னால் நின்று அவள் அழுத நாட்கள் உண்டு. மூட்டைதான் ஏற்கெனவே ஈரம், யாருக்கும் தெரியாது.

அவன் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனபோது, அவள் கைக்கு மேஸ்திரி வேலை வந்தது. முதல் நாளே ஒருத்தி ரோலரை நிறுத்தினாள். நிறுத்திவிட்டுத் திட்டு விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். அந்தத் தோளைப் பார்த்ததும் மேஸ்திரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திட்ட வாய் வரவில்லை. சும்மா விட்டாலும் எல்லாரும் ஏதோ எதிர்பார்க்கிறார்கள். “ஒரு பாட்டுப் பாடு, போ” என்றாள். அறை முழுக்கச் சிரித்தது. அன்றைக்குப் பிடித்துக்கொண்ட வழக்கம் அது.

மத்தியானம் டேப்பு தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பெண்களோடு தரையில் உட்கார்ந்தாள். அது எல்லாருக்கும் பிடித்தது. சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

“ரோலரை நிறுத்தணும்னா உங்களுக்குத் தயக்கமா இருக்குமா?”

“சேச்சே.”

“நிறுத்தினா யாராவது திட்டுவாங்களா?”

“திட்டா? இங்கயா?” என்றாள் மடிக்கிற கூட்டத்தில் பெரியவள். “எங்க மேஸ்திரிக்காவுக்குத் திட்டே வராதும்மா. கத்துக்கொடுத்தாலும் வராது.”

டேப்பு குறித்துக்கொண்டாள். பிறகு, “போன வாரம் ஒருத்தங்களுக்கு விரல் வெந்துபோச்சாமே?” என்றாள்.

எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். வெந்தது அவளுடைய நாத்தனாரின் விரல். கணவனின் தங்கை, புகுந்த வீடு வேண்டாம் என்று திரும்பி வந்தவள். மேஸ்திரிதான் அவளை இங்கே சேர்த்துவிட்டாள்.

“கவனக்குறைவு” என்றாள் பெரியவள், பட்டும் படாமல். “உறையோட நாடா சிக்கிக்கிச்சு. கையால இழுத்தா. விரலும் கூடப் போயிடுச்சு.”

“கம்பி பக்கத்துலதானே இருக்கு? தட்டியிருக்கலாமே?”

“அவ ஒரு ஊமைக்கோட்டான்க்கா” என்றாள் வாயாடி. “செத்தாலும் பாட மாட்டா.”

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தாள். டேப்பு சிரிக்கவில்லை. அவள் கையில் பேனா அப்படியே நின்றது. அதைப் பார்த்ததும் சிரிப்பு ஒவ்வொருத்தியாக நின்றுகொண்டே போய், கடைசியில் வாயாடியிடம் வந்து நின்றது.

“நான் என்ன சொல்லிட்டேன் இப்போ?” என்றாள் அவள்.

டப்பா கழுவுகிற குழாயடியில் மேஸ்திரி டேப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க ரூம் பத்திரமா இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லிடும்மா.”

“எனக்கே குழப்பமா இருக்குக்கா.” டேப்பு குழாயை மூடினாள். “மத்த இடத்துல கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறாங்க. இங்க கலகலன்னு பேசறீங்க. அதுக்கு நல்ல மார்க் போட்டேன். திட்டு இல்ல, அதுக்கும் போட்டேன். ரோலர் அடிக்கடி நிக்கறதில்லன்னு மேனேஜருக்கு ரொம்ப சந்தோஷம். எனக்குத்தான் அது நல்லதா கெட்டதான்னு தெரியல. அந்தப் பாட்டை எந்தக் கட்டத்துல போடறதுன்னும் தெரியல.”

“பாட்டு கெட்டதுங்கறியா?”

“பாடறவங்களுக்கு நல்லதுதான்.”

“பாடாதவங்களுக்கு?”

“அவங்களை நான் பார்க்கலையே. லீவுல இருக்காங்க.”

அவ்வளவுதான். அவள் அடுத்த பகுதிக்குப் போய்விட்டாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் மேஸ்திரி குழாயடியில் நின்றாள். திட்டியிருந்தால் தப்பு என்று தெரியும். திட்டவில்லை. மிரட்டவில்லை, கூலியைப் பிடிக்கவில்லை. சிரிக்கத்தானே வைத்தோம்? சிரிப்பு எப்படி விரலைச் சுடும்? அன்று அதற்கப்புறம் ரோலர் நிற்கவே இல்லை. வழக்கமாக அவளுக்கு அது நல்ல நாள். இன்றைக்கு ஒவ்வொரு போர்வை உள்ளே போகும்போதும் கொடுக்கிறவளின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து என்ன கண்டுபிடிப்பது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். அவன் காலணியைக் கழற்றிக்கொண்டே, “விளையாட்டு வினையாயிடுச்சுன்னு சொல்லு” என்றான்.

“அப்போ என் தப்பா?”

“நான் அப்படிச் சொன்னேனா?”

“பின்னே எப்படிச் சொன்னீங்க?”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீ ஏன் தலையைப் பிச்சுக்கறே?” என்று சொல்லிவிட்டு அவன் குளிக்கப் போனான்.

நாத்தனார் சீப்போடு வந்து முன்னால் உட்கார்ந்தாள். வலது கை விரல்களில் கட்டு. ஒரு வாரமாக அண்ணிதான் தலை பின்னிவிடுகிறாள். முதுகைப் பார்த்துக்கொண்டு கேட்பது சுலபமாக இருந்தது.

“அன்னிக்கு ஏன் கம்பியைத் தட்டலை நீ?”

“கை கம்பிக்குத்தான் போச்சு அண்ணி. அப்புறம் நாடாவுக்குப் போயிடுச்சு.”

“பாடணுமேன்னா?”

நாத்தனார் யோசித்தாள். “தெரியலை. அப்படி ஒண்ணும் நினைச்ச மாதிரி இல்ல. நினைக்க எங்க நேரம்?”

“சும்மா சொல்லு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

“என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே, தவளைத் தொண்டை. வந்த புதுசுல ஒரு தடவை பாடினேன். எல்லாரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. நீங்களும்தான்.”

“நான் எப்போ சிரிச்சேன்?”

“சிரிச்சீங்க அண்ணி. நல்ல சிரிப்புதான். எனக்கு அதுல கோபமெல்லாம் இல்ல.” கட்டுப் போட்ட கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, “அப்புறம் நான் நிறுத்தினதே இல்ல” என்றாள்.

மேஸ்திரிக்கு அது நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தும் அந்தப் பாட்டு வரவில்லை. நாத்தனார் ரோலரை நிறுத்துவதே கிடையாது, நல்ல வேலைக்காரி என்று மேனேஜரிடம் அவளே சொல்லியிருக்கிறாள். பின்னல் ஒரு பக்கம் தடித்துவிட்டது. பிரித்து மறுபடி போட்டாள்.

“மறுபடி வேலைக்கு வருவியா?”

“நாளைக்கே வரேன். மடிக்கறதுக்கு இடது கை போதும்.”

“அவசரம் ஒண்ணும் இல்ல. டாக்டர் சொல்லட்டும்.”

“டாக்டர் வீட்டுலயா உட்கார்ந்திருக்கார்? எனக்குத்தானே பொழுது போகலை.”

“ரோலர் முன்னாடி?”

நாத்தனார் இடது கையால் பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். “இறுக்கிப் போடுங்க அண்ணி, அவிழ்ந்துடுது” என்றாள்.

மறுநாள் காலையில் ரோலர் சூடேறுவதற்குள் மேஸ்திரி எல்லாரையும் கூப்பிட்டு, இனிமேல் பாட்டு வேண்டாம் என்று சொன்னாள். ஏன் என்று கேட்டார்கள். அவளுக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. டேப்பு போட்டுக்கொடுத்துவிட்டாளா என்று வாயாடி கேட்டாள். இல்லை என்றாள். பாட்டில்லாமல் நாள் முழுக்க எப்படி ஓட்டுவது என்று பெரியவள் கேட்டாள். பாடலாம், நிறுத்தினவள்தான் பாட வேண்டும் என்பது கிடையாது என்றாள் மேஸ்திரி. யாரும் பாடவில்லை. முதல் தடவை ரோலர் நின்றபோது பின்பக்கம் ஒருத்தி பழக்கத்தில் கைதட்டிவிட்டு நிறுத்திக்கொண்டாள். மத்தியானம் எல்லாரும் தனித்தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நாத்தனார் காலையிலிருந்தே மடிக்கிற பக்கம் நின்றாள். வலது கையை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு இடது கையால் மடித்தாள். பின்பக்கமும் நிறுத்துகிற பொத்தான் ஒன்று உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அதை அழுத்தினாள். ரோலர் நின்றது. மேஸ்திரி ஓடி வந்து பார்த்தாள். போர்வை நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது, எதுவும் சிக்கவில்லை.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல அண்ணி. சும்மா, நிக்குதான்னு பார்த்தேன்.”

யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி ரோலரை ஓடவிட்டாள். அன்றைக்கு அது பல தடவை நின்றது. சிறு சுருக்கத்துக்கெல்லாம் நிறுத்தினார்கள். சாயங்காலம் மேனேஜர் வந்து, இன்றைக்கு ஏன் இத்தனை தடவை நின்றது, இங்கே எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்டார். “தெரியலை சார்” என்றாள் மேஸ்திரி. மீந்த மூட்டைகளை அடுத்த ஷிப்டுக்கு விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். கணவன் ஓட்டிய வேனில் நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அன்றைக்கு ரோலர் நின்ற தடவைகளை மேஸ்திரி மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள்; யார் விரலும் வேகவில்லை.